அது வெறும் நுரை

மதிவதனி டாக்டரைப் பத்தியா? வாங்க சார், வாங்க. அந்த நாற்காலிக்குக் கால் ஆடும், இதுல உக்காருங்க. எனக்கு அடுத்த கேஸ் மூணு மணிக்குத்தான், முக்கா மணி நேரம் இருக்கு. கேன்டீன்லயும் இந்நேரம் கூட்டம் இருக்காது. டீ சொல்லட்டுமா? சக்கர போட்டா, போடாமயா?

மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா நீங்க. இதுக்குன்னே திருச்சியிலருந்து மதுரைக்குப் பஸ் ஏறி வந்திருக்கீங்க. நல்லது சார். பொண்ணு எடுக்குறதுக்கு முன்னாடி நாலு எடத்துல விசாரிக்கிறதுதான் மொறை. பத்துப் பொருத்தமும் இருக்குன்னு ஜோசியர் சொல்லிருவாரு, ஆள் எப்பிடின்னு கூட வேலை பாத்தவன்தான் சொல்லணும். அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி எவனாச்சும் என்கிட்ட வந்து கேக்க மாட்டானான்னு ரெண்டு வருசமாக் கறுவிக்கிட்டு இருக்கேன். பொய் எதுக்குச் சொல்லணும், நீங்க வாசல்ல நின்னு பேரைச் சொன்னதும் எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

எழுதிக்கிறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. பேரு சோணைமுத்து. கேத் லேப் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருசம்.

கேத் லேப்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும்ல. தொடையில ஊசி நொழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. அது வழியா ரத்தக்குழாய்க்குள்ள ஒரு மெல்லிசு டியூபை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பாத்துக்கிட்டே மூளைக்கோ ஈரலுக்கோ கொண்டு போவாங்க. எங்க அடைப்பு, எங்க ரத்தம் ஒழுகுதுன்னு பாத்து அங்கேயே சரி பண்ணிருவாங்க. வயித்தைக் கிழிக்கிறதில்ல, மண்டையைத் தொறக்கிறதில்ல. எங்க பெரிய டாக்டர் பால்துரை சார் அதுல கெட்டிக்காரரு. ஆனா மிஷினை ஓட்டுறது நான். மருந்தை நிரப்புறது நான். சாரு டியூபைத்தான் பிடிச்சிருப்பாரு, அதுக்குள்ள என்ன போகுதுங்கிறது என் கையில.

இந்த எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புல எம்.டி. படிக்கிற பிள்ளைக இருக்காங்கள்ல, அவங்க காலேஜ்ல இந்த மாதிரி லேப் இல்லாட்டி, ஒரு மாசம் வெளியூர் ஆஸ்பத்திரியில போய் நின்னு பாத்துட்டு வரணும். எக்ஸ்டர்னல் போஸ்டிங்ம்பாங்க. எங்ககிட்ட மாசத்துக்கு ஒன்னு ரெண்டு வரும். எல்லாம் வெள்ளக் கோட்டு, புது ஷூ, கண்ணு மட்டும் லெட்டர் மேல. மாசக் கடைசியில பால்துரை சார் ஒரு லெட்டர் குடுப்பாரு. அது நல்லா இருந்தாத்தான் மேல இந்த வேலையையே படிக்க சென்னையில, அங்க இங்க எடம் கெடைக்கும். இல்லாட்டி ஊர்ல ஸ்கேன் சென்டர் தொறந்து மாசமா இருக்குற பொம்பளைக வயித்தைப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

அந்த லெட்டரை எழுதுறதுக்கு முன்னாடி சாரு என்னைக் கூப்பிடுவாரு. இது எங்க லேப்ல மட்டும் இருக்குற வழக்கம் சார், வேற எங்கயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. 'சோணை, ஆள் எப்பிடி?'ன்னு கேப்பாரு. நான் ஒரு வார்த்தை சொல்லுவேன். ஒன்னே ஒன்னு. அவர் முன்னாடி எல்லாப் பிள்ளைகளும் கைகட்டிக்கிட்டுத்தான் நிக்கும், அவர் தலை மறைஞ்சதும் என்ன ஆட்டம் ஆடுதுன்னு எனக்குத்தானே தெரியும். 'தேறாது'ம்பேன். 'சுமார்'ம்பேன். 'வாய் மட்டுந்தான்'ம்பேன். அதுக்குத் தக்கன லெட்டர் வரும். அதனால வர்ற பிள்ளைக பூராம் என்னை சார், சார்னுதான் கூப்பிடும்.

இந்தப் பொண்ணு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடி மாசம் வந்துச்சு. கிருஷ்ணகிரிப் பக்கம். வந்து நின்னதும் 'வணக்கம் அண்ணா'ன்னுச்சு. எனக்கு அம்பத்திநாலு வயசு சார். அவங்க அப்பாவுக்கே எனக்குக் கீழதான் வயசு இருக்கும். அண்ணாவாம். சரி, ஊர்ப் பழக்கம்னு விட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. ஒவ்வொன்னுக்கும் ஏன்? இந்த ஒயரை ஏன் அண்ணா இப்பிடி வளைக்கிறீங்க, இந்த மருந்தை ஏன் அண்ணா சூடு பண்றீங்க. சொன்னா சரின்னு போகணும்ல, ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதும். மறுநாள் வந்து, 'நேத்து நீங்க சொன்னதைப் படிச்சுப் பாத்தேன் அண்ணா, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க'ங்கும். நான் சொன்னது சரியான்னு பாக்குறதுக்குப் புத்தகத்தைப் பொரட்டியிருக்கு. இருபது வருசம் வேலை பாத்தவன் சொன்னதை. இதையும் எழுதிக்கோங்க. நாளைக்கு உங்க அக்கா ஒரு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாலும் இப்பிடித்தான் பண்ணும்.

அப்புறம் பேஷன்ட்கிட்டப் பேச்சு. டேபிள்ல ஆளைப் படுக்க வச்சதும் நேராத் தலைமாட்டுக்குப் போயிரும். 'ஐயா, இப்ப கழுத்துக்குள்ள சூடாப் பாயிற மாதிரி இருக்கும், பயந்துறாதீங்க, பத்து எண்ணுறதுக்குள்ள போயிரும், நான் கூடவே எண்ணுறேன்'னு ஆரம்பிக்கும். பேஷன்ட் ஆடாம அசையாமத்தான் படுத்திருந்தாங்க, நான் இல்லைங்கல. படமும் தெளிவாத்தான் விழுந்துச்சு. ஆனா ஒரு கேஸுக்கு அஞ்சு நிமிசம் லேட். ஒரு நாளைக்கு எட்டு கேஸுன்னா கணக்குப் போட்டுக்கோங்க. அந்த மாசம் பூராம் நான் சாப்பிட்டது ஆறிப்போன சோறு.

ஏன் சார் சிரிக்கிறீங்க? இன்னும் ஏப்ரன் கதையே சொல்லலை.

எக்ஸ்ரே ஓடுற எடத்துல நிக்கிறவங்க ஈயம் வச்சுத் தச்ச ஒரு அங்கியை மாட்டிக்கணும். ஏப்ரன்ம்போம். எனக்குன்னு ஒன்னு வச்சிருந்தேன், பதினோரு வருசமா. உடம்போட ஒட்டிப் பழகிருச்சு. நெஞ்சுக்கு நேரா மார்க்கர் பேனால 'சோணைமுத்து'ன்னு நானே எழுதி வச்சிருந்தேன், வேற யாரும் தொடக் கூடாதுன்னு. இந்தப் பொண்ணு வந்து மூணாம் நாளு, லேப்ல இருந்த அத்தனை ஏப்ரனையும் ஒன்னொன்னா டேபிள்ல விரிச்சு எக்ஸ்ரே அடிச்சுப் பாத்துருக்கு. யார் கேட்டா? என் ஏப்ரன்ல அடிவயித்துக்கு நேரா ஒரு ஜாண் நீளத்துக்கு உள்ள ஈயம் வெடிச்சிருக்காம். 'அண்ணா, இதைப் போடுறதும் ஒன்னுதான், போடாம நிக்கிறதும் ஒன்னுதான்'னு சொல்லிட்டு, ஒரு செவப்பு மார்க்கரை எடுத்து அதுலயே 'உபயோகிக்கக் கூடாது'ன்னு எழுதிருச்சு. எங்க எழுதுச்சு தெரியுமா? சரியா என் பேருக்குக் கீழ.

அதைக் கொண்டு போய் வாசல் கொக்கியில மாட்டி வச்சிருச்சு. வர்றவன் போறவனெல்லாம் படிக்கிறான். 'சோணைமுத்து உபயோகிக்கக் கூடாது.' எங்க நர்சு எல்சி சிஸ்டரு இருக்காங்களே, அவங்க சத்தமா வாசிச்சுட்டு, 'சோணையண்ணே, இனிமே உங்களை எங்கயும் உபயோகிக்கக் கூடாதாம்ல'ன்னாங்க. மயக்க டாக்டரு சிரிக்கிறாரு. கூட்டுற அம்மா சிரிக்குது. பால்துரை சாருகூட வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாரு. மானம் கப்பலேறிருச்சு சார். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல, 'ஐயோ அண்ணா, நான் அப்பிடி நெனைச்சு எழுதல'ன்னு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. நெனைச்சு எழுதியிருந்தாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு எனக்கு. அடுத்த வாரமே புது ஏப்ரன் வந்துருச்சு. பழசைவிட கனம். இன்னைக்கு வரைக்கும் தோள்பட்டை வலி தீரல.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மாசக் கடைசி வரட்டும், சாரு கேக்கட்டும், வச்சுக்கிறேன்னு.

ஆனா அதுக்குள்ள இன்னொன்னு பண்ணிருச்சு. அதுதான் சார் விசயம். ஏப்ரனைக்கூட மறந்துருவேன், அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மூணாவது வாரம், வியாழக்கெழமை. மேலூருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு. நாப்பது நாப்பத்திரண்டு வயசுதான். பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு வாய் கோணுமாம், ரெண்டு நிமிசத்துல சரியாயிருமாம். மூளைக்குப் போற ரத்தக்குழாயைப் படம் பிடிக்கணும். சாரு டியூபைக் கழுத்து வரைக்கும் கொண்டு போயிட்டாரு. இனிமே மருந்து போகணும். அந்த மருந்து உள்ள பாயும்போதுதான் குழாய் திரையில தெரியும். அதுக்கு ஒரு பம்ப் இருக்கு, அதுலருந்து சாரு பிடிச்சிருக்குற டியூபுக்கு ஒரு இணைப்பு டியூப் போகும். நான்தான் மருந்தை நிரப்பி, பம்பை மேல தூக்கி, விரலால தட்டி, காத்தையெல்லாம் வெளிய தள்ளிட்டு மாட்டணும். மூளைக்குப் போற குழாய்ல காத்துப் போகக் கூடாது. போனா அப்பிடியே ஒரு பக்கம் விழுந்துரும், பேச்சு போயிரும், ஆளே போனாலும் போயிருவாங்க. இருபத்திரண்டு வருசத்துல என் கையில அப்பிடி ஒன்னு நடந்ததில்ல. ஒன்னுகூட.

மாட்டிட்டேன். பட்டன்ல விரலை வச்சுட்டேன். சாரு 'போலாம்'னு தலையாட்டிட்டாரு. அப்ப இந்தப் பொண்ணு 'நிறுத்துங்க'ன்னுச்சு. அண்ணான்னுகூடச் சொல்லல. வாத்தியாரு தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்தது, ஒரு எட்டு வந்து அந்த இணைப்பு டியூபை மடக்கிப் பிடிச்சிருச்சு. 'டியூப்ல காத்து.'

எல்சி சிஸ்டரு என்னைப் பாக்குறாங்க. மயக்க டாக்டரு என்னைப் பாக்குறாரு. டேபிள்ல படுத்திருக்குற வாத்தியாரு, அவருக்கு எல்லாம் காதுல விழுது, 'என்ன டாக்டர், என்ன ஆச்சு?'ங்கிறாரு. 'ஒன்னுமில்ல ஐயா, ஒரு டியூபை மாத்துறோம், நீங்க ஒன்னுலருந்து எண்ணுங்க'ன்னு அவருக்குச் சமாதானம் வேற. பால்துரை சார் டியூபை ஒரு தடவை பாத்தாரு. என்னைப் பாத்தாரு. 'மாத்திருங்க சோணை'ன்னாரு. அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலை.

அது காத்தே இல்ல சார். நுரை. அந்த மருந்து லேசா நுரைக்கும், வெறும் நுரை. தெரியாதவங்க பாத்தா காத்து மாதிரிதான் இருக்கும். இந்தா பாருங்க நுரைன்னு காட்டலாம்னு பாத்தா, அந்தப் பொண்ணு அந்த டியூபைக் கழட்டின கையோட குப்பைத்தொட்டியில போட்டு மூடிருச்சு. வேற யாரும் கிட்டப் போய்ப் பாக்கக்கூட இல்ல. சரி, ரிஜிஸ்டர்லயாச்சும் என் மேல எழுதியிருக்கும், அதை வச்சுச் சண்டை போடுவோம்னு போய்ப் பாத்தா, 'இணைப்பு டியூப் மாற்றப்பட்டது'ன்னு ஒரு வரி. யார் பேரும் இல்ல. பேரைப் போட்டிருந்தா நான் பேசியிருப்பேன்ல. அதுக்கும் வழி விடல பாருங்க, அம்புட்டு அழுத்தம்.

சாயங்காலம் நான் ஏப்ரனைக் கழட்டிக்கிட்டு இருக்கும்போது வந்து நிக்குது. 'அண்ணா, எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லிட்டேன். மெதுவாச் சொல்ல நேரம் இல்ல. மன்னிச்சிருங்க'ன்னுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. மூக்கை அறுத்துட்டு வந்து பஞ்சு வச்சா ஆச்சா? எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்கல. அந்த எரிச்சல் இன்னும் அடங்கல சார், இந்தா உங்ககிட்டச் சொல்லும்போதே நெஞ்சு எரியுது.

மாசக் கடைசி வந்துச்சு. ஒன்பது நாள் யோசிச்சு வச்சிருந்தேன், எந்த வார்த்தையைச் சொல்றதுன்னு. 'தேறாது'ன்னு சொன்னா சாரு நம்ப மாட்டாரு, அவர்தான் கண்ணால பாத்திருக்காரே. 'திமிரு'ன்னு சொன்னா, சோணை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறான்னு நெனைப்பாரு. அடிக்கணும், ஆனா நான் அடிச்சது தெரியக் கூடாது. யோசிச்சு யோசிச்சு ஒரு வார்த்தையைப் பிடிச்சேன். அவரு ரூமுக்குக் கூப்பிட்டு, 'சோணை, மதிவதனி எப்பிடி?'ன்னாரு. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு, 'பரவாயில்ல'ன்னேன்.

நீங்களே சொல்லுங்க சார். ஒரு எடத்துல பொண்ணு பாத்துட்டு வந்து 'பரவாயில்ல'ன்னு ஒருத்தன் சொன்னா என்ன அர்த்தம்? வேற எடம் பாருங்கன்னு அர்த்தம். அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். சாரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. கண்ணாடியைக் கழட்டிட்டாரு. 'பரவாயில்லையா? இருபது வருசத்துல உங்க வாயிலருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லையே சோணை. அதுவும் அன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம் நீங்க இப்பிடிச் சொல்றீங்கன்னா, பெரிய மனசுய்யா உங்களுக்கு'ன்னு எந்திரிச்சு வந்து என் தோளைத் தட்டுறாரு. வலிக்கிற தோளு. நான் என்ன சொல்ல முடியும்? நான் அந்த அர்த்தத்துல சொல்லலைன்னா? அரைப் பக்கத்துக்கு மேல எழுதாத மனுசன், முழுசா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாரு.

சென்னையில முதல் எடம் அந்தப் பொண்ணுக்குத்தான். செய்தி வந்ததும் ஸ்வீட் டப்பாவோட இங்கயே வந்துச்சு. 'நீங்க சார்கிட்ட நல்லபடியாச் சொன்னதாச் சொன்னாங்க அண்ணா'ன்னு நீட்டுது. டப்பாவை அப்பிடியே எல்சி சிஸ்டரு கையில குடுத்துட்டு நான் ஸ்டோர் ரூமுக்குப் போயிட்டேன். ஒரு துண்டு தொடல.

அதுக்கப்புறம் ரெண்டு வருசம் சார். அந்தப் பொண்ணு அதைச் செஞ்சிருச்சு, இதைச் செஞ்சிருச்சுன்னு சாரு பெருமையாச் சொல்லச் சொல்ல நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு நீங்க வந்து நின்னீங்க. இந்தத் தடவை ஒரு வார்த்தையோட விடக் கூடாதுன்னுதான் இம்புட்டும் சொல்லியிருக்கேன். வேண்டாம் சார் அந்தப் பொண்ணு உங்களுக்கு. எங்க தப்பு இருந்தாலும் அது கண்ணுல பட்டுரும். பட்டா வாயில வந்துரும். உங்க மாப்பிள்ளை ஒரு மாத்திரையை மாத்தி எடுத்தாக்கூட கையைப் பிடிச்சிரும். ஒரு மனுசன் வீட்டுலயாச்சும் நிம்மதியாத் தப்புப் பண்ண வேண்டாமா?

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ அப்பிடியே இருக்கு. எதுக்கு சார் என் கையைப் பிடிச்சு நன்றிங்கிறீங்க? நான் சொன்னதெல்லாம் சரியா எழுதியிருக்கீங்களா இல்லையா?

இருங்க. என் பேரை உங்களுக்கு யார் குடுத்தது? எல்சி சிஸ்டரா? பால்துரை சாரா?

அந்தப் பொண்ணா?

என்னன்னு சொல்லுச்சு? இன்னொரு தடவை சொல்லுங்க. 'என்னைப் பத்தி நல்லதாச் சொல்ல நெறையப் பேரு இருக்காங்க, அவங்களைக் கேட்டா உங்களுக்கு ஒன்னும் தெரியாது. மதுரையில சோணைமுத்து அண்ணான்னு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அவர்கிட்டப் போய்க் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.' இப்பிடியா சொன்னா?

உக்காருங்க சார். அட, உக்காருங்கங்கிறேன். திருச்சி பஸ் அஞ்சு நிமிசத்துக்கு ஒன்னு இருக்கு.

பாத்தீங்களா, மறுபடியும். இங்க வராமயே பண்ணிட்டா. எங்கயோ உக்காந்துக்கிட்டு, சோணைமுத்து இதைத்தான் சொல்லுவான்னு என்னை அளந்து வச்சிருக்கா. நானும் மடையன் மாதிரி அவ அளந்து வச்ச அளவுக்குச் சரியா, ஒரு பொட்டுக் கூடக் கொறையாம, அரை மணி நேரமா ஒப்பிச்சிருக்கேன். நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனாமே நான். அதைப் பொய்யாக்கலைன்னா நான் இந்த லேப்ல இருபத்திரண்டு வருசம் வேலை பாத்ததுக்கு அர்த்தமே இல்ல.

நோட்டை எடுங்க. புதுப் பக்கம். எழுதுங்க.

அன்னைக்கு டியூப்ல இருந்தது நுரை இல்ல. காத்து. என் கட்டைவிரல் நீளத்துக்குக் காத்து. நான் பம்பைத் தூக்கித் தட்டவே இல்ல. கொக்கியில தொங்குற பழைய ஏப்ரனைப் பாத்துக்கிட்டு, மாசக் கடைசியில இவளை என்ன பண்ணலாம்னு நெனைச்சுக்கிட்டே மாட்டிட்டேன். அவ பிடிக்கலைன்னா அந்த வாத்தியாரு எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போயிருக்க மாட்டாரு. நானும் இந்த வேலையில இருந்திருக்க மாட்டேன், வேற எங்க இருந்திருப்பேன்னு உங்களுக்கே தெரியும். என் பொஞ்சாதிகிட்டக்கூட இதைச் சொன்னதில்ல. அந்த டியூபை வேற யார் கண்ணுலயும் படாமத் தொட்டியில போட்டது எதுக்குன்னும் எனக்குத் தெரியும். எழுதிட்டீங்களா? அப்பிடியே எழுதுங்க, அழகுபடுத்தாதீங்க.

பேனாவைக் குடுங்க, கீழ கையெழுத்துப் போடுறேன். இன்னைக்குத் தேதியையும் போட்டுக்கோங்க. ஊருக்குப் போனதும் மொதல் வேலையா இதை அந்தப் பொண்ணு கையில குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. என் நம்பரையும் அதுலயே எழுதிட்டேன். படிச்சதும் அவ மூஞ்சி எப்பிடிப் போச்சுன்னு எனக்கு மறக்காமப் போன் போட்டுச் சொல்லணும் நீங்க.